செருகாத பென்டிரைவ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். நம்பினால் நம்புங்கள், இது நடந்தது காலை பதினொரு மணிக்கு, கே.கே. நகரில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், வெளியே பஸ் ஹாரன் காதைப் பிளந்துகொண்டிருந்தபோது.

என் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். பென்டிரைவைச் செருகினால் தானாகத் திறந்துகொள்ளும் வசதியை அதில் அணைத்தே வைத்திருக்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போனதை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும். நான் கட்டளை கொடுத்தால்தான் எதுவும் திறக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அன்று ஒரு பென்டிரைவோடு வந்தவர் எங்கள் தெரு மேரி டீச்சர். அவர் கணவர் சர்ச்சில் பாடுகிறவர், தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். குரல் போவதற்கு முன்பே, மகள் கல்யாணத்தில் பெண் சர்ச்சுக்குள் நுழையும்போது போடவேண்டும் என்று ஒரு பாட்டைப் பாடி அந்தப் பென்டிரைவில் வைத்திருந்தார். வேறு பிரதி கிடையாது. கல்யாணம் மறுநாள்.

மூன்று முறை செருகிப் பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பிடுங்கி அவர் கையில் கொடுத்து, "உயிர் இல்லைங்க டீச்சர், மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அப்போதுதான் திரையில் ஒரு ஜன்னல் திறந்தது. டிரைவின் பெயர் ‘பாப்பா கல்யாணம்’, உள்ளே ஒரே ஒரு பாட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டரில் எதுவும் செருகியிருக்கவில்லை, குனிந்து பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

"அவருதான். காப்பி பண்ணுங்க தம்பி" என்றார் டீச்சர், கடையில் சர்க்கரை கேட்பதுபோல.

ஒரு புதுப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் சர்ச்சில் அது ஒலித்தபோது பெண் வாசலிலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நடந்தாள். நானும் அழுதேன்.

முன்பு திறந்ததன் மிச்சம் ஏதாவது கம்ப்யூட்டரில் தங்கியிருக்கும் என்பீர்கள். தங்குவதற்கு அது ஒரு முறையாவது திறந்திருக்க வேண்டுமே!

அந்தப் பழைய பென்டிரைவ் இப்போது டீச்சர் வீட்டு பீரோவில் இருக்கிறது. கம்ப்யூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் என் திரையிலும் இருக்கிறது. வெளியேற்றச் சொல்லி இன்று காலைகூடக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். முடியாதாம், யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களாம்.