கவரண்ணன்

பழுப்புக் கவரின் வாயை இரண்டு விரல்களால் விரித்துப் பிடித்தபடி, அவர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்கிறார். பேச்சு கிடையாது. எதிரில் வந்து நிற்பார், லேசாக இருமுவார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாம் போட வேண்டியதைப் போட்டுவிட வேண்டும். நோட்டு விழுந்ததும் கவரின் வாய் மூடிக்கொள்ளும்.

"எவ்வளவு விழுதுன்னு பார்க்கவே கூடாது தம்பி. பார்த்துட்டா, அப்புறம் அந்த ஆளைப் பார்க்கிறப்ப எல்லாம் அந்த நோட்டுதான் தெரியும்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

தண்ணீர் மீட்டர்களைப் பழுதுபார்க்கும் எங்கள் பட்டறையில் அவருடைய வேலை பரிசோதனை. சரிசெய்த மீட்டரைக் குழாயில் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, முள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை என்பதால் அவர் சட்டைக் கை முழங்கை வரை நனைந்தே இருக்கும். சம்பளம் இதற்குத்தான். கவர் அவராக எடுத்துக்கொண்டது. யார் வீட்டிலாவது சாவு, ஆஸ்பத்திரி, கூரை விழுந்தது என்றால் மதியத்துக்குள் கவர் கிளம்பிவிடும். முதல்முறை யாருக்காக எடுத்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. இளையவர்களுக்கு அவர் கவரண்ணன். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். அவரும் இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

முகம் அந்த வேலைக்கென்றே வார்த்தது. நீண்ட முகம், கீழ்நோக்கிச் சரிந்த கண்கள், எப்போதும் யாரோ ஒருவருடைய துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவர் போன்ற தோற்றம். கல்யாண வசூலுக்கும் அதே முகத்தோடுதான் வருவார். ஒருமுறை ஸ்டோரில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். கவரோடு இவர் வந்து நின்றதும் மேற்பார்வையாளர் எழுந்து நின்று, "ஐயோ, எப்போ போச்சு?" என்று கேட்டுவிட்டார். கல்யாணப்பெண் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனக்காக அவர் கவர் எடுத்தது ஒரே ஒரு தடவை. மனைவிக்காக.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பகுதிநேர டிராயிங் டீச்சர். மற்ற நேரத்தில் மரப்பலகையில் உளியால் செதுக்கி, அதன்மேல் காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் படம் எடுப்பவர். அச்சு இயந்திரம் வாங்க வசதியில்லை. இவருக்கு அந்தப் படங்கள் புரிவதில்லை. புரிந்ததாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. "எனக்கு என்ன தெரியும்? ஆனா அவ செதுக்குறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க, சர்ரு சர்ருன்னு, அது கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

வெளிநாட்டில் ஓவியர்கள் மூன்று மாதம் தங்கி வேலை செய்ய ஓர் இடம் இருக்கிறது. ரெசிடென்சி என்கிறார்கள். அறை, சாப்பாடு, காகிதம், பெரிய அச்சு இயந்திரம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. விமானச் செலவும் விசாவும் நம் பொறுப்பு. முன்பு ஒருமுறை அங்கிருந்து அழைப்பு வந்து, போகப் பணமில்லாமல் அந்த அம்மா விட்டுவிட்டார். விட்ட அன்றே உளிகளைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் போட்டவர், ஒரு வருடம் தொடவில்லை. "அந்த வருஷம் வீடு வீடாவே இல்ல தம்பி. ரெண்டு பேரும் மழைக்கு ஒதுங்கின மாதிரி இருந்தோம். இப்ப மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இதையும் விட்டான்னா அவ்வளவுதான், அப்புறம் உளியைத் தொடவே மாட்டா."

"அவங்க போயிட்டா மூணு மாசம் உங்களுக்குத் தூக்கம்?"

"கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

முதலில் உள்ளதை உள்ளபடிதான் கேட்டார். கவரோடு மனைவியின் படங்களையும் சுருட்டி எடுத்து வந்திருந்தார். பணம் போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு படம்.

"என்னண்ணே இது, மழையில நனைஞ்ச காக்கா மாதிரி இருக்கு?"

"எங்க மொட்டைமாடி அது."

"ஏன், இங்க உக்காந்து போட்டா மை ஒட்டாதாமா?"

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று அதற்கு அர்த்தம். "ரெசிடென்சின்னா லாட்ஜுதானே? பொம்பளை மூணு மாசம் லாட்ஜுல தங்குறதுக்குப் புருஷனே வசூல் பண்றான், அதுக்கு நாங்க மொய் எழுதணும். நல்லாருக்குப்பா கதை."

பட்டறையே சிரித்தது. கவரண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று கவரில் சில்லறை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பழகாதவர் என்பதால் ஒவ்வொரு தடவையும் கை லேசாகத் துள்ளியது. என்றாலும் போட்டவர்களுக்கெல்லாம் படத்தைக் கொடுத்தார். மறுநாள் ஒரு படத்தின்மேல் சாம்பார்க் கறையோடு டிபன் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டே தன் குழாயடிக்குப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் கேன்டீன் அக்கா அவருக்கு டீ கொண்டுவந்தார். படம் கொண்டுவந்த அன்று அவர் விடுமுறை. அதனால் அவருக்கு எதுவும் தெரியாது. டீயை வைத்துவிட்டு, "ஏண்ணே, மூஞ்சி இப்படிக் கிடக்கு? வீட்டுல அண்ணிக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.

"அவளை வெளிநாட்டுக்கு அனுப்பணும். மூணு மாசம் அங்கேயே இருக்கணும்னு சொல்றாங்க. பணம்தான் புரளல."

மேற்கொண்டு சொல்ல வாயெடுத்திருக்கிறார். அதற்குள் அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானை முடிச்சை அவிழ்த்து, இருந்ததை அப்படியே அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய்விட்டார்.

கேன்டீன் அக்காவிடம் ஒன்றைச் சொன்னால் மைக் வைத்துச் சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் மேற்பார்வையாளரே குழாயடிக்கு வந்தார். "லாட்ஜு அது இதுன்னு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நோயைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் படம், ரெசிடென்சின்னு நீ மூடி மறைச்சிருக்கேன்னு எனக்குப் புரியலப்பா. மனசுல வச்சுக்காதே." முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கற்றை நோட்டை நீட்டினார். மறுநாள் கவர் சுற்றியது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு சுற்றியவர் மேற்பார்வையாளர். கவரண்ணன் தன் இடத்தில் நின்று ஓடுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவர் வாய் மூட முடியாமல் திரும்பி வந்தது. அந்த வாரமே டிக்கெட் எடுத்துவிட்டார்.

"நான் ஒரு பொய்யும் சொல்லல தம்பி," என்றார் என்னிடம். "அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. நான் திருத்தல. அவ்வளவுதான்." அதற்குப் பிறகு அவர் கேன்டீன் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். மனைவிக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆபீசில் எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள் என்றதோடு சரி. அந்த அம்மா, "என் படத்துக்கா? நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

விடுமுறை நாள் ஒன்றில், கேன்டீன் அக்காவும் மேற்பார்வையாளரும் அந்த அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு, அவர்களுக்கு முன்னால் நான் ஓடினேன். இரண்டாவது மாடியில் ஒற்றை அறையும் சமையல்கட்டும். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒருவர் ஒருக்களித்துத்தான் போக முடியும். ஈரப் படங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. கவரண்ணன் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். அந்த அம்மாவுக்கு எல்லாம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்கு என்ன நோய்னு சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"அவங்க என்னன்னு சொல்றாங்க?"

"கிட்னின்னு பாதிப் பேர். கேன்சர்னு..." நிறுத்திக்கொண்டார். "அது கேன்டீன்ல கிளம்பினது."

அந்த அம்மா கொடியில் தொங்கிய படங்களைப் பார்த்தார். "அப்ப இதுக்காக யாரும் குடுக்கல."

அவர் நறுக்கிய காயை ஓரமாகத் தள்ளினார்.

"செத்துப்போயிட்டேன்னு சொல்லியிருந்தா இன்னும் கூடக் குடுத்திருப்பாங்களோ?"

அது கேலி என்பது அவருக்கு உறைக்கவில்லை. தெரிந்த தொழிலில் ஒருவர் சந்தேகம் கேட்டுவிட்டது போல யோசித்தார். "இல்லம்மா, சாவுக்குக் கம்மியாத்தான் விழும். ஆஸ்பத்திரிக்குத்தான் எப்பவுமே ஜாஸ்தி."

ஒரு கணம் அந்த அம்மாவின் உதடு துடித்தது. சிரிக்கப் போகிறாரா, அழப் போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. "பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார்.

"டிக்கெட்டைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "எத்தனை படிடா சாமி, அண்ணி எப்படித்தான் ஏறி இறங்குதோ," என்று மூச்சு வாங்கும் கேன்டீன் அக்காவின் குரல். கவரண்ணன் கதவுப் பக்கம் போனார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் திறக்காமல் நின்று மனைவியைப் பார்த்தார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவு தட்டப்பட்டது. அந்த அம்மா பாதி செதுக்கிய பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். நான் கொடியில் இருந்த படங்களை உருவிச் சமையல்கட்டில் போட்டேன்.

அக்கா பை நிறைய ஆப்பிளோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே, "தைரியமா போயிட்டு வாங்கம்மா. அங்க எல்லாம் நல்ல டாக்டருங்க," என்றார்.

"சரிண்ணே," என்றார் அந்த அம்மா.

"பாதியா இளைச்சிட்டியேம்மா," என்று அக்கா தேம்பத் தொடங்கி, கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடினார். போர்வைக்கு வெளியே அந்த அம்மாவின் வலது கை நீட்டிக்கொண்டிருந்தது. நகக்கண் வரை கருநீல மை, இன்னும் காயவில்லை. கவரண்ணன் குனிந்து, அந்தக் கையை மெல்ல எடுத்து உள்ளே வைத்து, போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் சொருகினார்.