வினாத்தாளும் புதிய இயங்குதளமும்

என் மனைவி தன் வினாத்தாளைத் தானே தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டால் அதில் எனக்கு என்ன நட்டம்? அறிவும் கருவியும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக நாள்களிலிருந்தே மேடைகளில் பேசி வந்தவன் நான். அவை என் வீட்டுக் கூடத்துக்கே வந்து அவள் கைக்குக் கிடைத்த அன்று எனக்கு ஏன் வயிறு எரிந்தது? புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு சுதந்திர தின விடுமுறையில், காஜா பெராங்கிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் சேற்றுக் கால்களுடன் நின்றபோது இந்தக் கேள்வி எழுந்தது. நான் விரும்பி எழுப்பிய கேள்வி அல்ல அது.

என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிப்பவள். அக்காலத்துக் கணினியில் தமிழ் தானாக இருக்காது. எழுத்துருவைத் தனியே வாங்கிப் பதிக்க வேண்டும். எந்த விசையில் எந்த எழுத்து இருக்கிறது என்பதைப் பழைய தட்டச்சுப் பொறி முறைப்படி மனப்பாடம் செய்திருக்க வேண்டும். மாணவர் மன்றத்தின் இதழை அச்சுக்குக் கோத்துக் கொடுத்த காலத்தில் நான் அதைக் கற்றிருந்தேன். அவள் கற்கவில்லை. ஆகவே வியாழக்கிழமை மாலைகளில் கணினிக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொள்வோம். அவள் மடியில் மாணவர் ஏடுகளை வைத்துத் திருத்தியபடியே கேள்விகளைச் சொல்லுவாள், நான் தட்டுவேன். ஒரு கேள்வி கடினமா எளிதா என்று வாதிடுவோம். அன்று பள்ளியில் யார் அழுதான், யார் யாருடைய அழிப்பானை ஒளித்தான் என்பதெல்லாம் இடையிடையே வரும். எங்கள் மணவாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த நாற்காலிகளில்தான் என்று எண்ணுகிறேன்.

பிறகு புதிய இயங்குதளத்தைப் பற்றிய பேச்சு ஆசிரியர் அறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. பக்கத்து வகுப்பில் கற்பித்த இளைய ஆசிரியை ஒருவர், செமாபோக் என்ற பக்கத்து ஊரிலிருந்து வருபவர், தம் வீட்டுக் கணினியில் அதைப் பதித்திருந்தார். அதில் தமிழ் உள்ளேயே இருக்கிறதாம். கூடவே ஒரு சிறு செயலியைச் சேர்த்துவிட்டால், ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினாலே திரையில் தமிழ் வந்துவிடுமாம். என் மனைவி அவரைத் தங்கச்சி என்றே அழைப்பாள். "தங்கச்சி சொன்னா" என்று தொடங்கும் வாக்கியங்கள் எங்கள் வீட்டில் பெருகின.

நான் மறுத்தேன். காரணங்களுடன்தான் மறுத்தேன். எங்கள் பழைய அச்சுப்பொறி புதிய இயங்குதளத்தை ஏற்காமல் போகலாம். கணினி மெதுவாகலாம். பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள்களை எல்லாம் படிக்க முடியாமல் போகலாம். இவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு முறை தளம் மாறும்போதும் வசதியற்ற பள்ளிகள் இன்னும் ஒரு படி பின்தங்குகின்றன என்பதையும் எடுத்துச் சொன்னேன். இவை அனைத்தையும் நான் நம்பினேன். சிலவற்றை இன்றும் நம்புகிறேன். அவள் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் உங்களுக்காகக் காத்திருக்கிறது நான்தானே?" என்றாள். எனக்கு அது பாராட்டைப் போலவே கேட்டது.

அந்த விடுமுறை நாளில் எங்கள் வீட்டு வரிசையில் கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டுத் துப்புரவுப் பணிக்கு ஏற்பாடு செய்திருந்தேன். பொதுச் சுகாதாரம் என் அலுவலக வேலை. அண்டை வீட்டாரைத் திரட்டிச் சாக்கடைகளைத் தூர்வாருவது நான் விரும்பிச் செய்த வேலை. காலையில் ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோது, தங்கச்சி கம்ப்யூட்டரைப் பார்க்க வருவதாக மனைவி சொன்னாள். மண்வெட்டியைத் தேடிக்கொண்டே தலையசைத்துவிட்டுப் போனேன். உச்சி வெயிலில் திரும்பி வரும் வழியில் எங்கள் இருவருக்கும் புத்து பிரிங் என்ற அரிசிமாவுப் பலகாரம் வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்தால், என் நாற்காலியில் அந்த ஆசிரியை அமர்ந்திருந்தார். திரையில் புதிய இயங்குதளத்தின் பச்சைப் புல்மேடும் நீல வானமும் விரிந்து கிடந்தன.

"வாங்கண்ணே. எல்லாம் முடிஞ்சிருச்சுலா. இனிமே உங்களுக்கு லீவுதான்" என்றார்.

மனைவி திரும்பவில்லை. ஒற்றை விரலால் ஏதோ தட்டினாள். திரையில் 'அம்மா' என்று வந்தது. இருவரும் கைதட்டாத குறையாகச் சிரித்தார்கள். சேற்றுக் காலோடு உள்ளே போக முடியாததால் நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எதையாவது விளக்கும்போது என் மனைவி "ஓ" என்றாள். வியப்பும் நன்றியும் கலந்த அந்த "ஓ"வை நான் இதற்கு முன்பு கேட்டதே இல்லை. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் அவள் கேட்டதெல்லாம் "ஆச்சா?" என்பதுதான். என் கையிலிருந்த பொட்டலத்தை விருந்தினருக்குக் கொடுக்கச் சொன்னாள். அவர் இரண்டு துண்டுகள் எடுத்துக்கொண்டார். அதையும் கவனித்தேன்.

சற்று நேரத்தில் நான் எச்சரித்தது நடந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் அரசாங்கச் சோதனைக்கு முந்திய கடைசிப் பயிற்சித்தாளைத் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். பழைய தாள்களிலிருந்து கேள்விகளைப் பொறுக்கி எடுக்க மனைவி எண்ணியிருந்தாள். ஒன்றைத் திறந்தாள். தமிழ் இருந்த இடத்தில், தலையில் தொப்பியும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் அப்படியே. அந்த ஆசிரியையின் முகம் வாடியது. நான் குழாயடியில் மிகவும் நிதானமாகக் கால் கழுவினேன். பழைய எழுத்துரு என் மேசை இழுப்பறையில் ஒரு வட்டில் இருந்தது. அதைப் பதித்தால் எல்லாத் தாள்களும் மீண்டுவிடும். கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணன்கிட்ட கேளுங்கக்கா, அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் விடைபெற்றார். அதன் பிறகும் மனைவி கூப்பிடவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

"பழைய எழுத்துரு என்கிட்ட இருக்கு. போட்டா எல்லாம் பழையபடி வந்துரும்."

"வேணாங்க."

"திங்கக்கிழமை குடுக்கணுமே?"

"புதுசா எழுதிக்கிறேன்."

"ஒத்த விரல்லயா?"

"ஒத்த விரல்லதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நேத்து வந்தவ சொன்னா எல்லாம் இனிக்குது. இத்தனை வருசமா நான் தட்டிக் குடுத்தது கணக்கில்லையா?" என்றேன்.

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "தட்டிக் குடுத்தீங்க. நான் சொன்னதயா தட்டுனீங்க?"

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். கருத்துணர்தல் பகுதிக்காக, திடலில் செருப்பைத் தொலைத்த ஒரு பையனின் கதையை அவள் சொன்னாளாம். அச்சாகி வந்தபோது அந்தச் செருப்பு அடைபட்ட சாக்கடையில் கிடந்ததாம். அங்கே கொசு முட்டையிட்டதாம். பையனுக்கு டெங்கி வந்துவிட்டதாம். மீன்பிடிக்கப் போன அண்ணன் தம்பி கதை ஆற்றில் குப்பை கொட்டுவோரைக் கண்டிப்பதில் முடிந்ததாம். சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு வந்தது. அவள் சொல்லி முடித்த பிறகு நான் சில வரிகளைச் சேர்ப்பது வழக்கம். அது மாணவர்களுக்குப் பயன்படும் என்றுதான் சேர்த்தேன்.

"எங்க கிளாஸ்ல பசங்க பந்தயம் கட்டுறானுங்க, தெரியுமா? டீச்சர் தாள்னா கடைசிப் பத்தியில ஒரு சாக்கடை வரும்னு. ஹெட்மாஸ்டர் என்னைக் கேக்குறாரு, தாள் உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்தா வருதுன்னு."

"பிள்ளைங்களுக்கு நல்லதுதானேம்மா?"

"நல்லதுதான். ஆனா அது உங்க தாள். எனக்கு என் தாள் வேணும்."

டெங்கி பற்றி ஆறாம் ஆண்டு மாணவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற என் கருத்து அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. என்னை உறுத்தியது வேறு. அந்த இளைய ஆசிரியை ஒரே காலையில், பக்கத்தில் யாரும் உட்காராமலேயே வேலையை முடிக்க என் மனைவிக்கு வழி காட்டிவிட்டுப் போயிருந்தார். எழுத்துகள் எந்தெந்த விசையில் இருக்கின்றன என்று அவள் என்னிடம் கேட்டதில்லை. நானும் சொல்லித் தந்ததில்லை. தந்திருந்தால் இரண்டாவது நாற்காலிக்கு வேலை இருந்திருக்காது. ஒரு கருவி பரவலாகும்போது அதை இதுவரை கையில் வைத்திருந்தவன் எதை இழக்கிறான் என்பதை என் எந்த மேடைப் பேச்சிலும் நான் கணக்கில் எடுத்ததில்லை.

அந்த வார இறுதி முழுவதும் அவள் தட்டினாள். தண்ணீர் குடிக்க, விசிறியைத் திருப்ப, இல்லாத சாவியைத் தேட என்று நான் பலமுறை அவள் பின்னால் நடந்தேன். ஒரு பையன் விமானம் பார்ப்பதற்காகப் பத்து பெரெண்டாம் விமான நிலையத்துக்குப் போகக் கிளம்பிப் பேருந்தைத் தவறவிடுகிறான். நடந்தே போகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிடுகிறது. வேலிக்கு வெளியே நின்று, அது சிறிதாகிச் சிறிதாகி மறைவதைப் பார்க்கிறான். பிறகு பசியோடு வீடு திரும்புகிறான். கதை அவ்வளவுதான். கடைசிப் பத்தி வரும்வரை, வேலிக்கு அருகே ஒரு சாக்கடையாவது இருக்கும் என்று ஒரு நப்பாசையுடன் படித்தேன். இல்லை. என் கை பட்ட எந்தப் பத்தியையும்விட அது நன்றாக இருந்தது. அதுவரை அந்த ஆசிரியைமேல் இருந்த என் பொறாமை அப்போது அந்தத் தாளின்மேல் திரும்பியது. நான் அருகில் உட்கார்ந்திருந்த மாலைகளில் இப்படி ஒரு கதையை அவள் சொன்னதே இல்லை. அல்லது சொல்லியும், அது என் விரல்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

அச்சுப்பொறி எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. அது நின்றுவிடும் என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்தேன்.

மாணவர்கள் அந்தத் தாளை எழுதிய அன்று மாலை பள்ளியிலிருந்து வந்தவள், பந்தயம் கட்டிய பையன்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள் என்றாள். ஒருவன் மட்டும், இந்தத் தாளை டீச்சர் எழுதவில்லை என்று கடைசிவரை சாதித்தானாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பங்கில்லை. நானும் சிரித்தேன், என் பொறாமை அப்போதும் போகவில்லை.

அதன்பின் வினாத்தாள்களை அவளே எழுதித் தட்டச்சு செய்கிறாள். அச்சாகும்வரை நான் அவற்றைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமைகளில் இரவுச் சமையலை நான் செய்கிறேன்.