தொலைநோக்குப் பார்வைக் கூட்டம்

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள், தொலைநோக்குப் பார்வைக்காகச் சமுதாயக்கூடத்தில் கூட்டம், எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நரிக்குடிப் பக்கம் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. நரம்பு பட்டுப்போய்விட்டது, இனி முடியாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பல்கலைக்கழகத்துக்காரவுக டாக்டருக்கும் மேல படிச்சவுகள்ல, புள்ள? தூரப்பார்வைக்கே வைத்தியம் வச்சிருக்காக பாரு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலைக்கு ஊற்றி, வெள்ளை வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிப்போனேன். வாசலில் கட்டியிருந்த பேனரை எழுத்துக்கூட்டினேன். முதல் வார்த்தை நீளம், வாயில் நிற்கவில்லை. அடுத்தது 'பார்வை'. அதுவே போதும் என்று முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

பின்னாலிருந்து அவருடைய கூட்டாளி சீண்டினார். "ஏலே, ஒனக்கு எதுக்குலே கண்ணு? பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துப் பயப்படவா?"

"பயந்து ரொம்ப நாளாச்சுலே. அதுக்குத்தான் வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்போது ஒருவர் எங்கள் முன்னால் வந்து போட்டோ எடுத்தார். பளிச்சென்று அடித்தது. நான் என் வீட்டுக்காரர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"லேசா வெளிச்சம் தெரிஞ்சுச்சு, புள்ள" என்றார்.

நான் இன்னும் நெருக்கி உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு பேராசிரியை அம்மா மைக்கைப் பிடித்தார். "எங்க பல்கலைக்கழகம் இன்னும் இருபது வருசத்துல எப்படி இருக்கணும்? நீங்கதான் சொல்லணும்" என்றார். ஒருவர் காலேஜுக்கு பஸ் கேட்டார். இன்னொருவர் குமாரலிங்கபுரத்தில் வரப்போகிற மில்லு வேலைக்குத் தக்க படிப்புக் கேட்டார். கண் என்று யாரும் பேசவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அப்படியே தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

மைக் என்னிடம் வந்தது. தெரியாமல் வந்துவிட்டோம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நான் ஆளில்லை. எழுந்து நின்றேன்.

"கண்ணுக்கு ஒரு படிப்பு வைங்க. மதுரையில முடியாதுன்னு சொன்னத முடியும்னு சொல்ற படிப்பு."

கைதட்டினார்கள். "நல்ல யோசனைம்மா. இருபது வருசத் திட்டத்துல சேத்துக்கிறோம்" என்றார் அந்தம்மா.

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வா புள்ள, போவோம்."

கண்மாய்க்கரை வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"வெளிச்சம் தெரிஞ்சுச்சுன்னு சொன்னீகளே?"

"டிக்குன்னு சத்தந்தான் கேட்டுச்சு. நீ கையை அப்பிடிப் புடிச்சிருந்த. அதான் சொன்னேன்."

கரை இறக்கத்தில் ஒரு பள்ளம் வந்தது.

"பாத்து வாங்க" என்று, பழக்கத்தில், சொல்லிவிட்டேன்.