மொக்கையன் கம்பி

மொக்கையனுக்குத் தன் தங்கை புருஷன் வெள்ளைத்துரையைக் கண்டால் ஆகாது. இதை அவன் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளைத்துரை தெருமுனையில் திரும்பினாலே போதும், மொக்கையன் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆகிவிடும். சிலமலை ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இருவரும் ஒரே தெருவில் ஒரே வருஷம் பிறந்தவர்கள். படிப்பில் இரண்டும் ஒரே மக்கு. ஆனால் பிரம்படி மட்டும் மொக்கையனுக்குத்தான். வெள்ளைத்துரை ஒரு சிரிப்புச் சிரித்தால் வாத்தியாரும் சிரித்துவிடுவார். நல்ல நிறம், சுருட்டை முடி, நிமிர்ந்த முதுகு என்று எல்லாவற்றையும் கடவுள் ஒரே வீட்டில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார். போதாக்குறைக்குத் தங்கை அன்னக்கொடி, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். அதற்குப் பிறகு அவனை மாப்ளே என்று வேறு கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

பிழைப்பும் ஒரே இடத்தில். குரங்கணிக்கு மேலே இருந்த ஓர் ஏலத்தோட்டத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போனார்கள். இரண்டே வருஷத்தில் வெள்ளைத்துரை கங்காணி ஆகி, ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வர ஆரம்பித்தான். மொக்கையனுக்கு விஞ்சு.

விஞ்சு என்றால் வேறொன்றுமில்லை. தோட்டத்துக்கு நடுவே பெரிய பள்ளம். அக்கரையில் பறித்த பச்சை ஏலக்காயை மூட்டை கட்டி, பள்ளத்துக்கு மேலே இழுத்துக் கட்டிய இரும்பு வடத்தில் தொங்கவிட்டு, இக்கரையில் இருக்கும் ஸ்டோருக்கு இழுக்க வேண்டும். ஸ்டோரில் விறகை எரித்து, தகரக் குழாய் வழியாகச் சூட்டை ஓடவிட்டுக் காயை உலர்த்துவார்கள். பன்னிரண்டு வருஷம் மொக்கையன் அந்த வடத்தைப் பார்த்துக்கொண்டான். ஒரு மூட்டை பள்ளத்தில் விழுந்ததில்லை. அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசியிருப்பார்களா? மூட்டை விழுந்திருந்தால் பேசியிருப்பார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். படத்துக்குப் பெயர் 'பச்சைக்கல் வீரன்'. ஏலத்தோட்டத்துக் கூலி ஒருவன் குகைக்குள் ஒரு மாயக்கல்லைக் கண்டெடுக்கிறான். அதை விழுங்கியதும் பறக்கும் சக்தி வந்துவிடுகிறது. பிறகு அநியாயக்காரர்களை எல்லாம் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்து உதைக்கிறான். சாதாரண மனுஷன் எப்படி மாயவீரன் ஆனான் என்பதுதான் முழுக்கதையும். அவன் முதன்முதலாகப் பறக்கும் காட்சிக்குத்தான் மொக்கையனின் பள்ளமும் வடமும் வேண்டியிருந்தன.

கதாநாயகன் வந்தார், பள்ளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார், அன்றே போடிக்கு இறங்கி லாட்ஜில் படுத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாகத் தொங்க ஆள் தேடினார்கள். தந்திரக் காட்சி எடுக்கும் ராஜாராம் என்ற கேமராக்காரர் தோட்டத்து ஆட்களை எல்லாம் வரிசையாகத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெள்ளைத்துரையின் முதுகில் வந்து நின்றுவிட்டார்.

“அப்படியே ஹீரோ முதுகுதான்யா!” என்றார்.

மொக்கையனுக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்துக்குத்தான் அதிர்ஷ்டம் என்று பார்த்தால் இந்தப் பயலுக்கு முதுகுக்குமா?

ஆனால் ராஜாராமுக்கு ஒரு தலைவலி இருந்தது. வடத்தில் ஓடும் உருளையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் இறங்கி ஆளின் இடுப்பு வாரில் மாட்டும். பெரிய வடம் கேமராவின் பார்வைக்கு மேலே போய்விடும். இந்த இரண்டு கம்பியும் மட்டும் கண்ணில் படக்கூடாது. பட்டால் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பெயின்ட்டைப் பூசி, மூட்டையைத் தொங்கவிட்டு இரண்டு நாள் பார்த்தார்கள். வெயில் பட்டதும் பெயின்ட் பளபளவென்று மின்னியது. மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மொக்கையனுக்குப் பொறுக்கவில்லை. வேலை தெரிந்தவனுக்கு வேலை கெடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

“சார், பெயின்ட்டு மின்னத்தான் செய்யும். ஸ்டோர் கொழாயில கரி அப்பிக் கெடக்கு. அதைச் சுரண்டி வடிச்ச கஞ்சியில கொழச்சுப் பூசுங்க. காஞ்சா மங்கிப் போயிரும். பின்னாடி காடு இருக்கையில கரி. பனிமஞ்சு ஏறுனதும் கரியத் தொடச்சுட்டு அடுப்புச் சாம்பலப் பூசணும், வெள்ளையில வெள்ளை கலந்துரும். இங்க பத்து மணிக்கு மேல மஞ்சு ஏறும். எனக்குத் தெரியாத மஞ்சா?”

பூசிப் பார்த்தார்கள். கம்பி மாயமாய்ப் போனது. அந்தரத்தில் ஏலக்காய் மூட்டை ஒன்று தானாகப் பறந்து வந்தது. ராஜாராம் எழுந்து வந்து அவனுடைய கரிக்கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“யோவ், நீ மெட்ராஸ்ல பொறந்திருக்க வேண்டிய ஆளுய்யா! உன் பேர் என்ன?”

சொன்னான். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் எண்ணிக்கை எழுதுகிறார் போல என்று மொக்கையன் நினைத்தான்.

மறுநாள் காட்டுக்கு முன்னால் பறக்கும் காட்சி. சிலமலை, ராசிங்காபுரம் என்று சுற்றுவட்டாரமே ஜீப்பேறி வந்து பள்ளத்தோரம் நின்றது. வெள்ளைத்துரை பச்சைப் பட்டுச் சட்டையும் ஜரிகை வைத்த போர்வையுமாக வந்தான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்னக்கொடி மிளகாயும் உப்பும் கொண்டுவந்து புருஷனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். கம்பிக்குக் கரி பூசிக்கொண்டிருந்தவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அது போகட்டும். மொக்கையனின் பெண்டாட்டி குருவம்மாள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். அவள் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்:

“வெள்ளைத்துரை அண்ணனுக்கு அந்த உடுப்பு எம்புட்டு எடுப்பா இருக்கு, பாத்தீகளா? நீங்களும் இருக்கீகளே, மொகரையெல்லாம் கரியா.”

விளையாட்டாகத்தான் சொன்னாள், பாவி மகள். சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மொக்கையன் கரிச் சட்டியைக் கீழே வைத்தான். கரி துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தான். இடது பக்கக் கம்பியில், தொங்குபவனின் தோளுக்கு ஒரு முழம் மேலே, ஒரு சாண் நீளத்துக்குக் கரியைத் துடைத்தான். இரும்பு வெள்ளி மாதிரி வெளியே வந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகாது. கொக்கி, வார், உருளை எல்லாவற்றையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்திருந்தான். தங்கை தாலி அதில் தொங்குகிறது, அந்த அளவுக்கு அவன் பாவி இல்லை. ஊரே கொட்டகையில் உட்கார்ந்து வாய் பிளக்கும்போது கம்பி பளிச்சென்று தெரிய வேண்டும். பறக்கிறவன் மூட்டை மாதிரி தொங்குகிறவன்தான் என்று ஊர் சிரிக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வெள்ளைத்துரை கையை நீட்டிப் பள்ளத்தைக் கடந்தான். கூட்டம் கைதட்டியது. அந்த நேரம் பார்த்து மேகம் மறைத்திருந்தது. கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் வெயில் அடித்தது. கேமராவில் இருந்த ராஜாராமுக்கே எதுவும் படவில்லை.

“எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துருவமா?” என்று டைரக்டர் கேட்டார்.

“போதும் சார். அருமையா வந்துச்சு. வெரசா அவுத்து விடுங்க,” என்றான் வெள்ளைத்துரை.

திமிரைப் பார், டைரக்டருக்கே இவன் சொல்லித் தருகிறான் என்று மொக்கையன் பல்லைக் கடித்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்புறம் மஞ்சுக் காட்சிக்குச் சாம்பல் பூசியபோது ஒரு குறை வைக்கவில்லை. அந்த ஒரு சாண் போதும்.

மறு வருஷம் பங்குனியில் படம் போடிக்கு வந்தது. தெருவே மேட்னி ஆட்டத்துக்குக் கிளம்பியது. வெள்ளைத்துரை புது வேட்டியில், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவன் மாதிரி முன்னால் நடந்தான். மொக்கையனும் என்றுமில்லாத திருநாளாகச் சிரித்த முகத்தோடு போனான். இன்னும் இரண்டு மணி நேரம்தானே, நட நட என்று நினைத்துக்கொண்டான்.

விளக்கு அணைந்தது. எழுத்துப் போட்டார்கள். நடிகர்கள் பெயர், பாட்டு, சண்டை, மேக்கப். அப்புறம் ஒரு மலைப் படத்தின் மேல் கொட்டை எழுத்தில் வந்தது: ‘தந்திரக் காட்சி உதவி – குரங்கணி மொக்கையன்’.

எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கொட்டகையே கத்தியது.

“ஏய், நம்ம மொக்கையன் பேருடா!”

விசில் பறந்தது. பின்னால் இருந்தவன் முதுகில் அடித்தான். குருவம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளைத்துரையின் பெயர் வருகிறதா என்று அன்னக்கொடி கடைசி எழுத்து வரை பார்த்தாள். வரவில்லை. முதுகுக்கு யார் பெயர் போடுவார்கள்?

பிறந்ததிலிருந்து மொக்கையன் ஆசைப்பட்டது அதுதான். அது கிடைத்த நிமிஷத்திலேயே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு சாண்! அது இனி வெள்ளைத்துரையின் மானம் இல்லை, இவனுடைய மானம். கம்பியை மறைத்தவன் யார் என்று ஊருக்கே எழுதிக் காட்டியாகிவிட்டது. ஐயோ, என் கையாலேயே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று நினைத்தான். கரண்டு போகட்டும், ரீல் அறுந்து போகட்டும் என்று சிலமலையில் உள்ள சாமியை எல்லாம் கூப்பிட்டான்.

இடைவேளை முடிந்தபோது வெள்ளைத்துரையின் இடம் காலியாக இருந்தது.

“வாசல்ல நின்னு சனங்க மொகத்தைப் பாக்கப் போறேன்னாக,” என்றாள் அன்னக்கொடி.

பறக்கும் காட்சி வந்தது. வீரன் கையை நீட்டிக் காட்டுக்கு மேலே மிதந்தான். கொட்டகை மூச்சு விடவில்லை. அக்கரை நெருங்கும்போது வெயில் அடித்தது. தோளுக்கு மேலே ஒரு சாண் வெள்ளிக்கோடு பளீரென்று மின்னியது.

பின்னால் இருட்டிலிருந்து ஒரு குரல் கத்தியது.

“கம்பி தெரியுதுடோய்! மொக்கையன் கம்பி!”

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. குருவம்மாள் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவன் பெயர் கம்பி. போடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன்கூட “வாங்க கம்பி” என்றான். தோட்டத்தில் யாருக்காவது வேட்டி விலகினால், “மொக்கையன் கம்பி தெரியுது” என்றார்கள். மொக்கையனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் வேலை தெரிந்தவன் என்று சொல்ல வேண்டுமானால், வேண்டுமென்றே துடைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். தங்கை புருஷனைக் கேலிக்கு ஆளாக்கப் பார்த்தவன் என்பதைவிட வேலை தெரியாதவன் என்ற பெயரே பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷம். இதில் பெரிய கொடுமை, வெள்ளைத்துரை அவனுக்குப் பரிந்து பேசியதுதான்.

“வெயிலு பண்ணுன வேலைக்கு எம்மச்சான் என்ன செய்வாரு?” என்பான் நாலு பேர் முன்னால். அதைக் கேட்கும்போது மொக்கையனுக்கு அவனை இன்னும் பிடிக்காமல் போகும்.

எண்பத்தெட்டில் வெள்ளைத்துரை மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் மொக்கையன் சீர்த்தட்டோடு போய் இறங்கினான். பந்தலில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யாரோ ஒரு குசும்பன் அந்தப் படத்தின் கேசட்டைப் போட்டான். மொக்கையன் எழுந்து போகப் பார்த்தான். வெள்ளைத்துரை கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

தேய்ந்து போன கேசட். எழுத்துப் போடும் இடமே அதில் இல்லை. நேரே கதையிலிருந்து தொடங்கியது. மொக்கையன் பெயர் போன இடம் தெரியவில்லை. பறக்கும் காட்சி வந்தபோது திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக இருந்தது. கம்பி தெரியவே இல்லை. வீரன் பாட்டுக்குப் பறந்து போனான். சின்னஞ்சிறுசுகள் வாயைப் பிளந்து பார்த்தன.

மொக்கையன் மெல்ல எழுந்தான். பந்தலுக்குப் பின்னால் போனான். வெள்ளைத்துரை வெற்றிலையோடு பின்னாலேயே வந்தான்.

“மாப்ளே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத. அந்தக் கரியத் தொடச்சது நான்தான். வேணும்னே தொடச்சேன்.”

“தெரியும் மச்சான்.”

“என்னது?”

“மேல தொங்குனவன் நான்தானே? என் கண்ணு முன்னாடிதானே மின்னுச்சு. மண்ணெண்ணெய் வாடை வேற.”

“அடப்பாவி! அப்பவே சொல்லியிருக்கலாம்ல? இன்னொருக்கா எடுத்திருப்பாங்கள்ல?”

“அதான் சொல்லல. இன்னொருக்கா யாரு தொங்குறது? அந்தப் பள்ளத்துக்கு மேல எனக்குக் காலோட ஒண்ணுக்குப் போயிருச்சு. நல்லவேளை, பட்டுச் சட்டை நீளம்.”

மொக்கையனுக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

“நானும் ஒண்ணு சொல்லணும் மச்சான். கொட்டகையில ‘மொக்கையன் கம்பி’ன்னு மொதல்ல கத்துனது நான்தான்.”

மொக்கையனின் சிரிப்பு நின்றது. வெள்ளைத்துரை தொடர்ந்தான்.

“உம்பேரு விழுந்துச்சு. சனம் எல்லாம் உன்னையத் தூக்கி வச்சுக் கூத்தாடுச்சு. உசுரக் குடுத்துத் தொங்குனவன் நானு, எனக்கு ஒரு எழுத்துகூட இல்ல. அன்னக்கொடி என்னையத் திரும்பிப் பாத்தா பாரு, அதைத் தாங்க முடியல. கம்பி தெரியுற எடம் எனக்குத்தான் தெரியுமே? பின்னாடி போயி இருட்டுல நின்னு காத்துக்கிட்டிருந்தேன். பத்து வருசமா நீ கம்பின்னு பேரு வாங்குனதுக்கு நான்தான் காரணம். அடிக்கணும்னா அடி மச்சான்.”

அடித்திருக்கலாம். பத்து வருஷக் கேலிக்கு ஓங்கி ஓர் அறை வைத்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். மொக்கையன் கையை ஓங்கவில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மாப்பிள்ளையையும் இழுத்துப் பக்கத்தில் இருந்த திண்டில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டான்.

“எம்பேரு விழுந்தப்ப உனக்கு வயிறு எரிஞ்சுச்சா மாப்ளே?”

“எரிஞ்சுச்சு மச்சான்.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

மொக்கையன் வெற்றிலையை வாங்கி மடித்து வாயில் போட்டான். நிதானமாக மென்றான்.

“எப்படி எரிஞ்சுச்சு? மொதல்ல இருந்து சொல்லு.”