நைனா அடித்த சுண்ணாம்பு

திண்டிவனம் மிஷன் ஆஸ்பத்திரியின் நீள பெஞ்சில் அன்றைக்கு அம்மா இருந்தாள், அத்தை இருந்தாள், இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன். நைனா இல்லை. விழுப்புரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து எங்களை ரயிலேற்றிவிட்டு, "மண்டியில மூட்டை வந்து கெடக்குது, நீங்க போய்க்கினு வாங்க" என்று திரும்பிவிட்டார். முதல் தடவையும் அவர் வரவில்லை. அப்போது, ஆஸ்பத்திரிக்குப் போவதே அவருக்குப் பிடிக்காத கோபம். இந்தத் தடவை ஏன் வரவில்லை என்பது சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அம்மா விழுப்புரம் லோகோ ஷெட்டில் கரி சுமந்தாள். சும்மாட்டின் மேல் கூடையை ஏற்றி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாய்ந்த பலகையில் ஏறி இஞ்சினுக்குக் கரி கொட்டும் வேலை. நைனா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். இரண்டு சுமையும் சேர்ந்துதான் என்னை ஹைஸ்கூல் வரைக்கும் கொண்டுவந்திருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை.

ஆடி மாதம் ஒரு மழை நாளில் பலகை வழுக்கி அம்மா விழுந்தாள். வலது தோள் பூட்டு கழன்றுவிட்டது. வளவனூரிலிருந்து வந்த கட்டுக்காரர் ஒரே இழுப்பில் பூட்டைச் சேர்த்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, கையை மாரோடு சேர்த்துக் கட்டினார். "மூணு வாரம் போதும், அவுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நைனா அவிழ்க்கவில்லை.

"அவசரப்பட்டா மறுபடியும் கழண்டுக்கும். இருக்கட்டும், நான் இருக்கறேன் இல்ல" என்றார்.

இருந்தார், நிஜமாகவே. கேப்பைக் களி கிண்டினார், தண்ணீர் எடுத்தார். காலையில் மண்டிக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவை வாசலில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, கொண்டை போட்டுவிட்டார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன அந்த விரல்கள் முடியில் அவ்வளவு பதனமாகப் போகும். எதிர் வீட்டிலிருந்த அத்தை, நைனாவின் தங்கை, சும்மா இருப்பாளா? "எங்கண்ணன் பொண்டாட்டிக்குக் கொண்டை போடறதப் பாக்க டிக்கெட் வெச்சா, இந்தத் தெருவே பணக்காரத் தெருவாயிடும்" என்பாள். நைனா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஐப்பசியில் கட்டை அவிழ்த்தபோது வலி போயிருந்தது. கையும் போயிருந்தது. மார் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. பலவந்தமாகத் தூக்கினால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். ஷெட்டு மேஸ்திரி வந்து பார்த்தார். நல்ல மனுஷர்தான். "தை பொறக்கற வரைக்கும் உன் எடத்துல ஆள் போட மாட்டேன்மா. அப்புறம் கூடையத் தூக்கித் தலையில வெச்சிக்கினு பலகை ஏறணும். முடியலன்னா நான் இன்னா பண்ணுவேன், நீயே சொல்லு" என்றார். அன்றைக்கு இரவு அம்மா என்னிடம், "நீ படிப்ப வுடாத" என்று மட்டும் சொன்னாள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

என் வாத்தியார்தான் திண்டிவனத்துக்குப் போகச் சொன்னார். முதல் தடவை போனபோது டாக்டரம்மா தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பூட்டு சரியாகத்தான் சேர்ந்திருக்கிறது, மருந்தும் வேண்டாம் கத்தியும் வேண்டாம், அசையாமல் கிடந்ததால் மூட்டு இறுகிவிட்டது என்றார். பிறகு நர்ஸம்மாவிடம் ஒப்படைத்தார். அவர் கட்டுப் போட்டதைக் கண்ணுக்கு முன்னால் பார்த்தவர் போலப் பேசினார்.

"கட்டினவரு நல்லாத்தான் கட்டியிருக்காரு. அவுக்கறதுக்குத்தான் வீட்டுல யாருக்கோ மனசு வரல."

"எங்கண்ணனுக்குத்தாங்க" என்றாள் அத்தை.

பிறகு செய்துகாட்டினார். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணியின் நாக்கு ஆடுகிற மாதிரி மெதுவாக ஆட்ட வேண்டும். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்துவிட்டு, விரல்களைச் சுவரில் வைத்துப் பல்லி மாதிரி மேலே ஏற்ற வேண்டும். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயமில்லை. ராத்திரி தூங்க விடாமல் வலித்தால் அன்றைக்கு அதிகமாகிவிட்டது, மறுநாள் குறைக்க வேண்டும். நான் இதையெல்லாம் பரீட்சைக்குப் போகிறவன் போல மனப்பாடம் செய்தேன்.

"சும்மா சுவத்துல ஏறு ஏறுன்னா ரெண்டு நாள்ல சலிச்சிடும். வீட்டுல கை தூக்கற மாதிரி என்ன வேலைம்மா இருக்கு?" என்று கேட்டார் நர்ஸம்மா.

அம்மா யோசித்தாள். "பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கணுங்க."

"அதை அடி. எட்டற வரைக்கும் அடி. நல்ல கையால மட்டும் தொடாதே."

நைனாவுக்கு வந்த கோபம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. "கை ஒடிஞ்சவள சுண்ணாம்பு அடிக்க வுட்டான்னு ஊரே என் மூஞ்சில துப்பும்" என்று கத்தினார். அம்மா தாழை விழுதை நசுக்கிக் கட்டிய மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் தோய்த்தாள். நான் பக்கத்தில் நின்று, தோள் மூட்டு என்பது கிண்ணத்துக்குள் பந்து இருப்பது போன்றது என்று பாடத்தை விளக்கினேன். "பந்தும் கிண்ணமும் கெடக்கட்டும், நீ போய் உப்ப வறுடா" என்றாள்.

முதல் வாரம் முன்சுவரில் வெள்ளை அவள் மார் உயரத்தில் நின்றது. போகிறவர்கள், "இன்னாக்கா, சுவத்துக்கு வேட்டி கட்டி வுட்டிருக்க?" என்றார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். வேட்டி மெல்ல மேலே ஏறியது. மோவாய், மூக்கு, நெற்றி. சில நாள் ஏறாது. ஒரு நாள் ஆசையில் அதிகமாக எட்டப் போய், இரண்டு நாள் மட்டையைத் தொட முடியாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மறுபடியும் குனிந்து நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி மார்கழி நடுவுக்கு வந்துதான் நாங்கள் இரண்டாம் தடவை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸம்மா அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் ஒரு ஜாண்தான். சுவர் பாக்கி இருக்கா?"

"இருக்குதுங்க. நெத்திக்கு மேல அப்படியே இருக்குது" என்றாள் அம்மா, பெருமையாக.

சாயங்காலம் தெருவில் திரும்பினோம். எங்கள் சுவர் கூரை வரைக்கும் பளீரென்று நின்றது, நீலம் கலந்த வெள்ளை. வாசலில் நைனா. புருவமெல்லாம் சுண்ணாம்பு.

"எப்டி கீது? பொங்கலுக்கு ஆச்சு. இனிமே நீ கையத் தூக்கி பேஜாரு பட வேணாம்."

அம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரு ஜாண் இருந்துச்சுய்யா. அதையும் நீயே எடுத்துக்கினியே" என்றாள். அழுகை வந்தது. தோள் கழன்ற அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. நைனா மட்டையைப் பிடித்தபடி நின்றார். தான் செய்தது என்னவென்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், உலராத சுண்ணாம்பைத் தோள் துண்டால் துடைக்கப் போனார், பாவம்.

அத்தைதான் தடுத்தாள். "வுடுண்ணா, கூரையப் புடுங்கிடப் போற. அண்ணி, எங்க சுவரு இன்னும் மொட்டையாத்தான் நிக்குது. வா. சுண்ணாம்பு மட்டும் ஜாணத் திருடனவரு வாங்கித் தரட்டும்."

அத்தை வீட்டுச் சுவர் இரண்டு நாளில் தீர்ந்தது. அதற்குள் பேச்சு தெரு முழுக்கப் பரவிவிட்டது. "எங்க வீட்டுக்கும் வாயேன்க்கா, உங்க வீட்டுக்காரரு செலவுதானே" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். நைனா மண்டியிலிருந்து வரும்போதே மரக்காணத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கூடையில் வாங்கி வந்து, தண்ணீர் விட்டு நீற்றி, வடிகட்டிக் கொடுத்தார். அந்தந்த வீட்டு ஆம்பளைகள் உதவிக்கு வந்தால் விரட்டுவார்: "கீழ வேணும்னா அடிச்சிக்கோ. மேல கைய வெக்காத, அது அவ எடம்."

போகிப் பண்டிகைக்குள் எங்கள் தெரு முழுக்க வெளுத்துவிட்டது. அன்றைக்குக் காலையில் நைனா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, அம்மா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். நைனா சீப்பைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுப் போனார். இப்போது நான் உபாத்தியாயர் பயிற்சிக்காக வெளியூரில் தங்கியிருக்கிறேன். வீடு என்று நினைத்தால் முதலில் வருவது அந்த எண்ணெய் வாசனையும், அம்மாவின் பின்னால் குந்தியிருக்கும் நைனாவும்தான்.

பொங்கல் கழிந்து அம்மா ஷெட்டுக்குப் போனபோது நைனா மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார், அத்தையும் நானும் கூடப் போனோம். அம்மா குனிந்து கரிக் கூடையை முழங்காலுக்கு ஏற்றி, மூச்சைப் பிடித்துத் தலைக்குத் தூக்கினாள். வலது கை மேலே போய் விளிம்பைப் பிடித்தது. பிடி நழுவவில்லை.

"ஜல்தி ஏறும்மா, இஞ்சின் காத்துக்கினு கீது" என்றார் மேஸ்திரி.

மழைக்காலத்தில் அந்தத் தோள் இன்றைக்கும் வலிக்கும். அம்மா உப்பு ஒத்தடம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கு ஷெட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அத்தை வாயை வைத்துக்கொண்டு சும்மா வரவில்லை. "ஏண்ணா, ஆஸ்பத்திரில கூட காசு வாங்கல. அந்த ஒரு ஜாணுக்கு மட்டும் உனக்கு எவ்ளோ ஆச்சு?"

நைனா இரண்டு பக்கத்து வெள்ளைச் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"நாலு ரூபா ஆறணா."