வெல்லம் போடாத தேங்காய்

ரெண்டாம் உலக யுத்தம் தொடங்குறதுக்கு முந்தின ஆடி. ஒண்ணாந்தேதி எங்க பக்கம் தேங்காய் சுடுற நோம்பி. தேங்காயின் கண்ணைத் தோண்டி, வெல்லம், எள்ளு, கடலை, பச்சரிசி எல்லாம் திணிச்சு, குச்சியில் செருகித் தீயில் வாட்டுவோம்.

என் வீட்டுக்காரருக்கு அப்போ நீரிழிவு. காலில் ஒரு புண். இனிப்பைத் தொட்டால் காலை எடுக்க வேண்டிவரும்னு சேலத்து டாக்டர் சொல்லிட்டார். ராகிக்களியும் மோருமா மனுசர் வாயைக் கட்டி, புண் அப்போதான் காயத் தொடங்கியிருந்துச்சு.

நோம்பிக்கு அவர் அக்கா வீட்டுக்குப் போனோம். புருசனோட அக்காவை நாங்க நங்கையான்னு கூப்பிடுவோம். டாக்டர் சொன்னதெல்லாம் அந்தம்மாவுக்கு நான் கட்டிவிட்ட கதை. தம்பி இளைச்சதுக்கு நான் வயிறாரப் போடாததுதான் காரணமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அவருக்குன்னு ஒரு காயில் மட்டும் வெல்லம் போடாமல், ஓட்டில் சுண்ணாம்புப் பொட்டு வெச்சேன். தீயில் எல்லாக் காயும் ஒரே கரியாச்சு, பொட்டைக் காணோம். பிள்ளையாருக்கு முதல் காயை உடைச்சுப் படைச்சுப் பங்கு போட்டப்போதான் தெரிஞ்சது, அது இனிக்கலை. நங்கையா தலையில் கைவெச்சு உட்கார்ந்துட்டாங்க.

"சாமிக்கே வெல்லத்தை ஒளிச்சவ, என் தம்பிக்கு என்னத்தைப் போடுவா?"

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தாங்க. நான் விளக்கம் சொல்லச் சொல்ல அந்தம்மா அழுகை கூடுச்சு. அவர் எழுந்து இன்னொரு காயை உடைச்சு, அக்கா முன்னாடியே வெல்லப் பூரணத்தை வழிச்சுத் தின்னார். "ஒரு நாளைக்குத்தானே புள்ள, உடு," என்றார் என்னிடம்.

ஒரு தேங்காய் யாரையும் கொன்னுடாது. ஆனால் அன்னைக்கு அவிழ்த்த வாயை அவர் பிறகு கட்டவே இல்லை. தீபாவளி, காதுகுத்து, பங்காளி வீட்டுக் கல்யாணம், எங்கே போனாலும் ஒரு நாளைக்குத்தானே. தடுத்தால் நான் பொல்லாதவள். பொங்கலுக்குள் கால் முழங்கால்வரை கருத்துப்போச்சு. மாசியில் போய்ச் சேர்ந்துட்டார்.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு நங்கையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாங்க.

"நானே என் தம்பியை, என் சாமியைக் கொன்னுட்டனா?"

ஆமாங்கன்னு சொல்ல நாக்குத் துடிச்சுது.

"இல்லீங்க நங்கையா. அவர் ஆயுசு அவ்வளவுதான்."

அந்தம்மா என் தோளில் சாய்ஞ்சு அழுது தீர்த்தாங்க. அவங்களும் போய்ச் சேர்ந்து வருசமாச்சு. எனக்கு இன்னும் மன்னிக்க மனசு வரலை.