நடக்கவில்லை என்று ஐவி டீச்சர் எழுதிக்கொடுத்த ஆட்டம்

சாந்தோமில் ஒரு கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியில் ஐவிக்கு டிரில் டீச்சர் வேலை கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய தொண்டை. முதலில் கோயில் பாட்டுக் கோஷ்டியில்தான் சேர்ந்தாள். மற்ற பதினோரு பேரின் குரலும் அவள் குரலுக்குள் முங்கிப்போனதால், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே அவளைப் பக்குவமாக விலக்கினார்கள். "இந்தக் குரலுக்கு மைதானம்தான் தோது" என்று மடத்துத் தலைவியான மதர் முடிவு செய்தார். சைதாப்பேட்டையில் ஆறு வாரக் கோடைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு பல்லாங்குழி. திரும்பி வரும்போது கையில் ஒரு விசிலும் முப்பத்திரண்டு பக்க வாலிபால் விதிப் புத்தகமும் இருந்தன.

மதருக்கு வாலிபாலை உடனே பிடித்துவிட்டது. நடுவில் வலை கட்டியிருக்கிறது, ஒருத்தியை ஒருத்தி தொடுவதில்லை, பந்தைத் துரத்திக்கொண்டு தெருவரைக்கும் ஓட வேண்டியதில்லை. இவ்வளவு ஒழுக்கமான ஆட்டத்தை ஆண்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் அவருக்கு ஆச்சரியம். பள்ளிக்குப் பின்னால் இரண்டு புன்னை மரங்களுக்கு நடுவே வலை கட்ட அனுமதி கொடுத்தார். வலை குப்பத்தில் வாங்கியது. எத்தனை முறை அலசிக் காயப்போட்டாலும் மழைக்காலத்தில் மீன் வாசம் வரும்.

பந்துக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. யுத்த காலம். சீமைப் பந்து வருவது நின்றுபோயிருந்தது. நாலாவது பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், படித்த ஜமீலுன்னிசாவின் தகப்பனார் பீர் முஹம்மது, மயிலாப்பூர் கடைத்தெருவில் ஜட்காக் குதிரைகளுக்குச் சேணம் தைப்பவர். அவரிடம் போய், சைதாப்பேட்டையில் கேட்டு வாங்கிவந்த பழைய பந்தைக் காட்டினாள் ஐவி. அவர் அதைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் வெட்டி, கால்பந்து பிளாடரை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். தூக்கிப் பார்த்த ஐவிக்கு மணிக்கட்டு இறங்கியது.

"இன்னா டீச்சரம்மா, கனமா கீதா?" என்றார் பீர் முஹம்மது. "குதிரை மேல போடற தோலு. கனமாத்தான் இருக்கும். ஆனா பத்து வருசம் ஆனாலும் தையல் பிரியாது."

முதல் மாதம் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இரண்டாவது மாதம் அழுகை நின்றது. ஆறு மாதத்தில் ஜமீலுன்னிசா எகிறி அடித்தால் பந்து மறுபக்கத்து மணலில் குழி பறித்தது. அவள் வாட்டசாட்டமான பெண் ஒன்றுமில்லை. பேச்சு குறைவு, கோபமும் குறைவு. பந்து தலைக்கு மேல் வந்தால் மட்டும் அவள் முகத்தில் வேறு ஒருத்தி வந்து உட்காருவாள்.

1945ஆம் வருடம் பிப்ரவரி மாதம் மதருக்கு ஒரு கடிதம் வந்தது. யுத்தத்துக்காக வந்து அடையாற்றில் ஒரு பங்களாவில் தங்கி, பட்டாளத்துக்குத் தட்டெழுத்தும் தந்தியும் பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண்கள், சனிக்கிழமைகளில் பொழுது போகவில்லை என்றும், பள்ளி மாணவிகளோடு ஒரு வாலிபால் ஆட்டம் ஆட ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். மதர் இரண்டு நாள் ஜெபம் செய்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள். பள்ளிப் பெண்கள் கணுக்கால் தெரியாமல் பாவாடை கட்ட வேண்டும். மைதானத்துக்குள் ஆண்கள் யாரும் வரக்கூடாது. பங்குச் சாமியார் வரலாம், அவரை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

அதனால் அம்பயர் வேலையும் ஐவி தலையில் விழுந்தது. விதிப் புத்தகம் அவளுடையது, விசிலும் அவளுடையது, ஒரு பக்கத்து அணியும் அவளுடையது. இதில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் வேறு யாருக்கும் விதி தெரியாது.

வந்தவர்களில் நாலு பேர் இங்கிலாந்து, ஒருத்தி ஆஸ்திரேலியா. அணித் தலைவி மார்கரெட் ஸ்காட்லாந்துக்காரி. நின்றாலே அவள் தலை வலைக்கு மேலே தெரிந்தது. முதல் செட்டைப் பதினைந்துக்கு ஆறு என்று சுருட்டிவிட்டார்கள். சாமியார் அனுதாபமாகத் தலையை ஆட்டினார். இரண்டாவது செட்டில்தான் சேணத் தோல் வேலையைக் காட்டத் தொடங்கியது. வெளிநாட்டுப் பெண்களின் முன்கைகள் சிவந்து, பிறகு தடித்தன. பந்து வரும்போது கையை நீட்டலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தார்கள். அந்த ஒரு நொடி ஜமீலுன்னிசாவுக்குப் போதும். பதினைந்துக்கு ஒன்பது.

மூன்றாவது செட்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு இருந்தபோது ஜமீலுன்னிசா அடித்த பந்து பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து சுண்ணாம்புப் புழுதியைக் கிளப்பியது. உள்ளேயா, வெளியேயா? எல்லாரும் அம்பயரைப் பார்த்தார்கள். ஐவி கையை உள்பக்கம் காட்டினாள். கோட்டில் பட்டது என்று அப்போது நம்பித்தான் காட்டினாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது நம்பிக்கை முக்கால்வாசியாகியிருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் அளவுக்கு அது குறையவில்லை என்பதோடு விட்டுவிட்டாள்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு. சாந்தோம் ஜெயித்தது. மார்கரெட் வலைக்கு அடியில் குனிந்து வந்து ஜமீலுன்னிசாவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இது கையா, பலகையா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். பிறகு எல்லாரும் எலுமிச்சை சர்பத் குடித்தார்கள். தோளோடு தோள் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புள்ளிகளைச் சாக்கட்டியால் எழுதியிருந்த கரும்பலகையைத் திங்கட்கிழமை காலை கணக்கு டீச்சர் வந்து துடைத்துவிட்டாள்.

ஐவியின் அண்ணன் லூயிஸ் மவுண்ட் ரோட்டில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். புதன்கிழமை பத்திரிகையில் ஐந்து வரிச் செய்தி வந்தது. நேசநாட்டுப் பெண்கள் சாந்தோம் மாணவிகளுக்கு அன்போடு வாலிபால் கற்றுக்கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது.

"இதை நீதானே பார்த்தே?" என்றாள் ஐவி.

"நான்தான் பார்த்தேன்."

"திருத்தியிருக்கலாமே."

"எழுத்து தப்பா இருந்தா நான் திருத்தலாம்" என்றான் லூயிஸ். "விஷயமே தப்பா இருந்தா அதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

யுத்தம் முடிந்தது. அடையாற்றுப் பங்களா காலியானது. ஜமீலுன்னிசாவுக்கு ராயப்பேட்டையில் கல்யாணமாயிற்று. தேசத்துக்குச் சுதந்திரம் வந்தது. ஐவிக்கு முப்பத்தைந்து வயதானது, இரண்டு வரன்கள் வந்து அவள் குரலைக் கேட்டுவிட்டுப் போயின. வருடா வருடம் புதுப் பெண்கள் வந்தார்கள், கை வலிக்கிறது என்று அழுதார்கள், பழகினார்கள், பள்ளியை விட்டுப் போனார்கள். அவர்களோடு ஆட வேறு பள்ளி எதுவும் வரவில்லை. ஆறு பேரை இந்தப் பக்கமும் ஆறு பேரை அந்தப் பக்கமும் நிறுத்தி ஐவி தன்னையே தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

1949 செப்டம்பர் மாதம் ஒருநாள் லூயிஸ் அச்சகத்திலிருந்து ஒரு புரூஃப் துண்டை மடித்துக் கொண்டுவந்தான். பிராக் என்ற நகரத்தில் ஐரோப்பியப் பெண்களுக்கு முதல்முறையாகச் சர்வதேச வாலிபால் போட்டி நடந்தது, ஏழு நாடுகள் ஆடின, ரஷ்யா ஜெயித்தது என்று அதில் இருந்தது.

ஐவி இரண்டு முறை படித்தாள். "முதலா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"நம்ம ஆட்டம் நாற்பத்தஞ்சுலேயே நடந்துபோச்சே. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நாம. நாலு நாடு."

லூயிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "அப்போ நாம தனி நாடா என்ன? நமக்கும் அவங்களுக்கும் ஒரே ராஜாதானே. அது ஒரு வீட்டுக்குள்ள ஆடின மாதிரி. ரெண்டு வருஷம் பொறுத்து ஆடியிருந்தா சர்வதேசம் ஆகியிருக்கும்."

"ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா ஆட அவங்க இங்க இருந்திருக்க மாட்டாங்க" என்றாள் ஐவி.

பாரிஸில் வாலிபாலுக்கு ஓர் உலகச் சம்மேளனம் இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் ஆரம்பித்திருந்தார்கள் என்றும் அந்தத் துண்டில் இருந்தது. அவர்களுக்கு விவரம் தெரிவிப்பது தன் கடமை என்று ஐவி நினைத்தாள். பெருமைக்காக இல்லை, சரித்திரத்துக்காக என்று லூயிஸிடம் சொன்னாள். அவன் அதை மறுக்கவில்லை. அப்படிப்பட்ட கடிதம் உள்ளூர்ச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று விசாரித்துச் சொன்னதும் அவன்தான்.

சங்கம் தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், கௌரவச் செயலாளர் ரகுபதியின் வீட்டு முன்னறையில் இருந்தது. அலமாரி நிறைய ஆண்கள் வாங்கிய கோப்பைகள். ரகுபதி மரியாதையான மனிதர். காப்பி வரவழைத்தார், ஐவி சொன்னதை முழுக்கக் கேட்டார், போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல யாரும்மா ஜெயிச்சது?"

"நாங்க."

"எல்லாரும் சிரிக்கிறாங்களே."

"ஆமாம் சார், அவங்களும் சிரிச்சாங்க."

"அம்பயர் யாரு?"

ஐவி காப்பியை ஒரு வாய் குடித்தாள். "நான்தான்."

"ஸ்கோர் ஷீட்?"

"கரும்பலகை, சார். அழிச்சுட்டாங்க."

ரகுபதி போட்டோவை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "நான் உங்களை நம்பறேம்மா. நம்பறதுதான் இப்ப சங்கடமா இருக்கு." மேசையிலிருந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரித்தார். "அடுத்த மாசம் பெண்கள் பிரிவு ஆரம்பிக்கறதா கமிட்டியில முடிவு. பள்ளிக்கூடங்களுக்கு வலை, பந்து, போட்டிக்குப் போக ரயில் செலவு எல்லாம் உண்டு. உங்க பள்ளியைத்தான் முதல்ல சேர்க்கணும்னு எழுதி வச்சிருக்கேன். ஆனா விதி பதினேழைப் பாருங்க. சங்கத்தோட அனுமதி இல்லாம வெளிநாட்டு அணியோட ஆடினவங்களையும், அவங்களை ஆட வச்ச பள்ளியையும் ஆடின நாள்லேருந்து அஞ்சு வருஷத்துக்குச் சேர்க்கக்கூடாது."

"நாங்க ஆடினப்ப உங்க சங்கத்துல பெண்களே கிடையாதே, சார். யார்கிட்ட அனுமதி கேக்கறது?"

"அது நியாயமான கேள்வி" என்றார் ரகுபதி. "விதியில அதுக்குப் பதில் இல்ல." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "அப்படி ஒரு ஆட்டம் நடக்கலைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா எல்லாம் சுலபம். இல்ல, நடந்ததுதான்னா, உங்க கடிதத்தைப் பாரிஸுக்கு அனுப்பிடறேன். அவங்க சரித்திரத்துல சேர்த்தாலும் சேர்ப்பாங்க. பொண்ணுங்க அடுத்த வருஷம் பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள இந்தக் கமிட்டியே மாறிடும், புதுசா வர்றவங்க உங்க பள்ளியைச் சேர்ப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது."

ஐவி தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்வதாக எழுந்தாள். மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறியவள் வீட்டுக்குப் போகாமல், வழியில் பஸ் மாறி ராயப்பேட்டை போனாள்.

ஜமீலுன்னிசாவின் இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை இருந்தது. டீச்சரைக் கண்டதும் புக்ககத்துப் பெண்களுக்குக் கேட்காத மூலையில் பாய் விரித்து உட்கார வைத்தாள். ஐவி முழுவதும் சொன்னாள். தன்னுடைய குரலை அவள் இவ்வளவு தாழ்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"நீ என்ன சொல்றே? அது உன்னோட ஆட்டம். உன்னைக் கேக்காம நான் அழிக்கக்கூடாது."

ஜமீலுன்னிசா குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள். "எழுதிக் குடுங்க டீச்சர். நான் பந்தே தொட்டதில்லைன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே அத்தா சொல்லிட்டாரு. கையில காய்ப்பு இன்னான்னு கேட்டாங்க. சேணம் தைக்க ஒத்தாசை பண்ணினேன்னு சொல்லிச் சமாளிச்சோம். நான் நாலு வருசமா சொல்லிக்கினு இருக்கறதைத்தான் நீங்க இப்ப எழுதப் போறீங்க."

ஐவிக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உனக்கு வருத்தமே இல்லையா?"

"அது இருக்கு" என்றாள் ஜமீலுன்னிசா. "அந்த ஸ்காட்லாந்துக்காரம்மா என் கையைப் புடிச்சுப் பார்த்துச்சே, அதைத் தெனமும் நெனச்சுக்குவேன். அதுக்கு யார் சர்ட்டிபிகேட்டும் தேவையில்ல. ஆனா இப்ப படிக்கற பொண்ணுங்க ஒருத்தரை ஒருத்தரே அடிச்சுக்கினு எத்தினி நாளைக்கு ஆடும்?"

மறுநாள் பனகல் பார்க் முன்னறையில் உட்கார்ந்து ஐவி எழுதினாள்: எனக்குத் தெரிந்தவரை, இப்பள்ளி மாணவிகள் இதுவரை எந்த வெளிநாட்டு அணியோடும் வாலிபால் ஆடியதில்லை. 'எனக்குத் தெரிந்தவரை' என்பதை அடித்துவிடும்படி ரகுபதி பணிவாகக் கேட்டுக்கொண்டார். அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட வேறு யாரும் இல்லாததால் அதையும் அவளே போட்டாள்.

டிசம்பரில் திறப்பு விழா ஆட்டம் நடந்தது. இரண்டு பள்ளிகள், ஆண்களும் பார்க்கலாம், ஷாமியானா உண்டு. ரகுபதி பேசினார். இன்றுவரை பந்தையே தொட்டறியாத நம் பெண்கள் என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மதர் வாயைத் திறக்கப் போனார். ஐவி அவர் முழங்கையில் கை வைத்தாள். மதர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். இந்த மாகாணத்தில் பெண்கள் ஆடிய முதல் வாலிபால் ஆட்டம் இது என்று நிகழ்ச்சிக் குறிப்பில் பதிவாயிற்று. சாந்தோம் பெண்கள் நேர் செட்டில் தோற்றார்கள். அதுவும் பதிவாயிற்று. ஸ்கோர் ஷீட் மூன்று பிரதிகள், சங்கத்தின் முத்திரையோடு.

தோற்ற பெண்கள் பஸ்ஸில் அழவில்லை. அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே, ரயிலில் போவோமா, ஜன்னல் ஓரம் யாருக்கு என்று வழி முழுக்கச் சண்டை போட்டார்கள். அடுத்த ஆட்டம் என்ற வார்த்தையை அந்த மைதானத்துப் பெண்கள் வாயிலிருந்து ஐவி கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையாகவே முதல் தடவை.

ஒரு மாதத்தில் அவளைப் பெண்கள் பிரிவுக்கு உதவிச் செயலாளராகப் போட்டார்கள். சம்பளம் கிடையாது, வேலை உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆளுக்கொரு படிவம். பெயர், வயது, உயரம், தகப்பனார் சம்மதம். கடைசியில் ஒரு கட்டம்: பயிற்சியாளரின் சர்வதேச அனுபவம். தன் பள்ளிப் பெண்களின் படிவங்களிலும் ஐவி தன் அழகான சாய்வு எழுத்தில் 'இல்லை' என்று நிரப்புவாள். பேனா தயங்கியது என்றெல்லாம் சொல்ல முடியாது. நாற்பது படிவம் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாக வேண்டும்.